மலையகத்துக்குத் தூரிகையோடு: பெங்களூர் ஆலயக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், காக்ஸ் டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களிலிருந்து இலங்கை மலையகத்துக்கு, அதாவது அங்குள்ள மலைப்பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கு, ஓவியப் பணிக்குப் போக விரும்புகிறவர்களுக்காக இது. பத்து நாள், பன்னிரண்டு பேர், ஒரே தோட்டம், ஒரே சுவர், மாலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு. இந்த அளவுக்குத்தான் கீழே உள்ள கணக்கெல்லாம்.

ஏன் மலையகம்? இங்கே ஊழியம் செய்ய இடமில்லையா?

இடம் இருக்கிறது. இங்கே ஒன்றும் செய்யாமல் அங்கே மட்டும் போவதாக இருந்தால், போகவே வேண்டாம். மலையகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முதல் காரணம் மொழி. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பாட்டியிடமும் பிள்ளையிடமும் நேரே பேச முடிகிற வெளிநாடுகள் நமக்கு அதிகமில்லை. அடுத்தது உறவு. 1823-இலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867-க்குப் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்தது. கடைசியாக மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. புறப்படுமுன் குழுவில் எல்லோரும் இதைப் படித்திருக்க வேண்டும். 'நீங்க எப்ப இந்தியாவிலிருந்து வந்தீங்க?' என்று ஒரு தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டு வைப்பதைப் போன்ற அறியாமை வேறில்லை.

எனக்கு வரையத் தெரியாது. வரலாமா?

தாராளமாக. பன்னிரண்டு பேரில் நன்றாக வரையத் தெரிந்தவர்கள் மூன்று பேர் போதும். மீதி வேலை சுரண்டுவது, கழுவுவது, கலப்பது, கோட்டுக்குள் நிரப்புவது, ஏணி பிடிப்பது, வாளி கழுவுவது. அந்த மீதி ஒன்பது பேரும் ஓவியர்களாக வந்தால்தான் சிக்கல். ஆளுக்கொரு பாணியில் வரைவார்கள், சுரண்டல் தகட்டைத் தொட ஒருவரும் முன்வரமாட்டார்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம்வரை. மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை மலையகத்தின் ஹட்டன் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அக்டோபர், நவம்பரில் பிற்பகலானால் இடிமழை, மண்சரிவு அபாயமும் உண்டு. ஏப்ரல் 13, 14 புத்தாண்டையொட்டி வண்டியும் கிடைக்காது, ஆட்களும் இருக்கமாட்டார்கள். பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. ஹார்ட்வேர் கடை திறந்திருக்கும் என்று நம்பி அன்றைக்குப் பெயின்ட் வாங்கக் கிளம்ப வேண்டாம்.

விசாவுக்குச் சுற்றுலா என்று போட்டால் போதுமா?

போதாது. இந்த இடத்தில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. சம்பளம் வாங்கவில்லை என்பதால் அது சுற்றுலா ஆகிவிடாது. இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியில் சுற்றுலாவுக்கு ஒரு பிரிவு, வணிக நோக்கத்துக்கு ஒரு பிரிவு. சமய நிகழ்வு, கலை நிகழ்வு, பட்டறை, குறுகிய காலப் பயிற்சி ஆகியவற்றுக்கு வருகிறவர்கள் இரண்டாவது பிரிவில் வருவார்கள். உங்களை வரவேற்கும் ஆலயமோ நிறுவனமோ தன் முகவரித்தாளில் ஒரு கடிதம் தர வேண்டும்: யார் வருகிறார்கள், எத்தனை நாள், எந்தத் தோட்டம், என்ன வேலை. அந்தக் கடிதத்தை அங்குள்ளவர்களே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் காட்டி, எந்தப் பிரிவு பொருந்தும் என்று கேட்டுவிட்டால் மேல். விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல் அதிகாரபூர்வத் தளத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

பிள்ளைகளோடு பழகப் போகிற எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று தேவை. கர்நாடகக் காவல்துறையின் சான்றுக்கு மாநில அரசின் சேவா சிந்து இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் சான்று வேறு வகை. குறுகிய காலப் பயணத்துக்கு அதைத் தரமாட்டார்கள், லால்பாக் ரோடு அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

ஆலய அறக்கட்டளைப் பணத்தில் டிக்கெட் போடலாமா?

கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால், நேரடி வரிகள் வாரியத்தின் முன் அனுமதி இல்லாதவரை அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. ஆகவே விமானம், தங்குமிடம், சாப்பாடு அவரவர் பொறுப்பு. பெயின்ட் செலவையும் உறுப்பினர்கள் பங்கு போட்டு அங்கேயே கொடுத்து வாங்கலாம். உங்கள் சொந்தப் பயணச் செலவுக்கு நன்கொடை ரசீது கேட்டு ஆலயப் பொருளாளரைச் சங்கடப்படுத்தாதீர்கள். போவதற்கு முன் ஆலய ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

பெயின்டை இங்கிருந்தே கொண்டுபோகலாமா?

வேண்டாம். ஸ்ப்ரே டப்பா, தின்னர், டர்பன்டைன், எண்ணெய் எனாமல் எல்லாம் தீப்பற்றும் பொருள்கள், பெட்டியிலும் ஏற்றக்கூடாது. தண்ணீரில் கரையும் எமல்ஷன் தீப்பற்றாதுதான், ஆனால் விமான நிலையத்தில் அதை நிரூபித்துக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கடை உண்டு. அங்கே வாங்கினால் காசு அந்த ஊரிலேயே தங்கும், பிறகு நிறத்தைத் திருத்த வேண்டியிருந்தாலும் அதே டப்பா கிடைக்கும்.

இங்கிருந்து எடுத்துப் போக வேண்டியவை: நான்கு அங்குலத் தட்டைத் தூரிகை 3, இரண்டு அங்குலம் 6, ஒரு அங்குலம் 10, உருண்டைத் தூரிகை ஆறாம் எண்ணும் பன்னிரண்டாம் எண்ணும் வகைக்கு நான்கு, ஒன்பது அங்குல ரோலர் 2, கம்பி பிரஷ் 4, சுரண்டல் தகடு 4, எண்பதாம் எண் உப்புத்தாள் இருபது, கொத்தனார் நூல் ஒரு கண்டு, ரசமட்டம் ஒன்று. சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் எல்லாமே கிடைக்கும். தகடும் கத்தியும் ஏற்றும் பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில். இலங்கையில் சதுர முனை பிளக் பரவலாக இருப்பதால் ஒரு அடாப்டரும் வேண்டும்.

சுவரைப் பார்த்ததும் வரைய ஆரம்பிக்கலாமா?

ஆரம்பித்தால் அடுத்த மழையில் உரியும். வேலை நாள்களில் பாதி சுவரைத் தயார்ப்படுத்தவே போகும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். லயம் என்பது தொழிலாளர் வரிசை வீடு, பிள்ளைக் காம்பரா என்பது குழந்தைக் காப்பகம். இவற்றின் சுவர்கள் பெரும்பாலும் பல வருடச் சுண்ணாம்பு அடித்தவை. அடியில் ஈரம், மேலே பாசி.

முதலில் மூன்று சோதனை. ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு. ஒட்டும் டேப்பை அழுத்தி வெடுக்கென்று இழுங்கள், செதில் வந்தால் அந்தப் பூச்சு எதையும் தாங்காது. பிறகு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்தச் சுவரை விட்டுவிட்டு வேறு சுவர் கேளுங்கள். புதிதாகப் பூசிய சுவர் என்றால் 28 நாள் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும்.

பொடியும் செதிலும் போகக் கம்பி பிரஷால் தேய்த்து, தகட்டால் சுரண்டுங்கள். தூசிக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். பாசி உள்ள இடத்தில் வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. கால் மணி நேரம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். பிளீச்சோடு ஆசிட்டையோ வேறு கழுவும் திரவத்தையோ கலக்கவே கூடாது, நச்சுப் புகை கிளம்பும். அழுக்குத் தண்ணீர் பீலிப் பக்கம், அதாவது ஊற்று நீர் விழும் குழாய்ப் பக்கம், ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பீலியில்தான் மொத்த லயமும் குளிக்கிறது, குடம் பிடிக்கிறது. தூரிகையையும் அங்கே கழுவக்கூடாது. வாளியில் கழுவி, தெளியவிட்டு, அடிவண்டலைத் தள்ளிக் குழிவெட்டிப் புதையுங்கள்.

வெடிப்புக்கு வெள்ளை சிமெண்ட் பட்டி வையுங்கள். வீட்டுக்குள் பார்க்கும் ஜிப்சம் பட்டி வெளிச்சுவரில் ஈரம் குடித்து உப்பும். முழுக்க ஒரு வெயில் நாள் காயவிட்ட பிறகே காரம் தாங்கும் பிரைமர்.

ஒரு நுணுக்கம். தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்துக்குப் படம் வரையாதீர்கள். நிலத்து ஈரம் ஏறுவதும், கூரைச் சொட்டு தெறிப்பதும், கோழி சீய்ப்பதும் அந்தப் பட்டையில்தான். அதற்கு வெறும் சுண்ணாம்பு போதும், சுவர் மூச்சு விடும். வருடம் ஒருமுறை தோட்டத்து ஆட்களே அதை அடித்துக்கொள்வார்கள், படத்துக்கும் சேதமில்லை.

எத்தனை லிட்டர் பெயின்ட் வேண்டும்?

சுவர் 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம் என்று வைப்போம். 15 சதுர மீட்டர். அடிப்பட்டை 3.6 போனால் 11.4. டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவு வழவழப்பான சுவருக்கானது. சொரசொரப்புச் சுவருக்கு லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று கணக்கு வையுங்கள். பிரைமர் ஒரு கை, அதாவது ஒரு பூச்சு: ஒன்றரை லிட்டர், வாங்குவது 2. அடிநிறம் வெள்ளை இரண்டு கை: மூன்று லிட்டர், வாங்குவது 4. மிச்சமுள்ள வெள்ளை மற்ற நிறங்களை வெளிறச் செய்ய உதவும். பிறகு மஞ்சட்காவி 1, செங்காவி 1, நீலம் 1, கறுப்பு அரை லிட்டர். பச்சையை மஞ்சளும் நீலமும் கலந்து எடுக்கலாம், தேயிலைப் பச்சைக்குக் கொஞ்சம் செங்காவியும் சேர்க்க வேண்டும். கடைப் பச்சை பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கும்.

காவி நிறங்களை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அவை இரும்பு ஆக்சைடு, மலை வெயிலையும் தாங்கும். பளிச்சிடும் ரோஸும் ஊதாவும்தான் முதலில் வெளுக்கும். ஒரு நிறத்தை ஒரே முறையில் தேவைக்கு மேலாகவே கலந்து மூடி வையுங்கள். மறுநாள் அதே நிறம் மறுபடி வராது.

மேல்பூச்சு வார்னிஷ் அடிக்கலாமா என்றால், சுவர் நன்றாக உலர்ந்திருந்தால் மட்டும். ஈரச் சுவரில் அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் படத்தின் மேல் பால் போல வெள்ளை படியச் செய்யும்.

காலையில் அடித்த பெயின்ட் சாயங்காலம் வழிந்துவிட்டது. ஏன்?

குளிர். எமல்ஷன் காய்வது தண்ணீர் ஆவியாவது மட்டுமல்ல, அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று உருகிப் படலமாக வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே அது சரியாக நடக்காது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், நம் பெங்களூரைப்போல இரண்டு மடங்கு. வறண்ட மாதங்களில் இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், விடியலில் சுவரே பனித்து நிற்கும். அதனால் காலை ஒன்பதரைக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்து ஆரம்பியுங்கள், மதியம் இரண்டரைக்குத் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று நாலரைவரை அடித்தால், அடித்தது மறுநாள் சுவரில் இருக்காது. மூடுபனி இறங்கினாலும் நிறுத்தம்.

சின்னப் படத்தைப் பெரிய சுவருக்கு எப்படி ஏற்றுவது?

புரொஜெக்டர் வேண்டாம். இரவு, குளிர், மின்சாரம் எல்லாம் பிரச்சினை. கட்டம்தான் நல்லது. 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத் தாளில் படம் வரைந்து 5 செ.மீ. கட்டம் போடுங்கள், 60 கட்டம் வரும். தாளின் அடியில் 6 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும், அது படம் வராத சுண்ணாம்புப் பட்டை. சுவரில் ஒவ்வொன்றும் 50 செ.மீ. நூலில் சாக்குப்பொடி தேய்த்து இருவர் இழுத்துப் பிடிக்க மூன்றாமவர் தட்டினால் நேர்கோடு விழும். முதல் கோடு ரசமட்டத்தில். தரையை நம்பிக் கோடு போட்டால் படம் முழுக்கச் சாயும், லயத்துத் தரைகள் பெரும்பாலும் சரிவு. கட்டங்களுக்கு க, ங, ச என்று எழுத்தும் எண்ணும் கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தால் அவர்களே நகல் எடுப்பார்கள்.

சுவரில் படக்கோடு வரையச் சாக்குப்பீஸ், இல்லையென்றால் வெளிறிய காவித் தண்ணீர். பென்சில் வெளிர் நிறத்தின் வழியே தெரியும், ஸ்கெட்ச் பேனா மை மேலே ஊறி வரும்.

என்ன படம் வரைவது? நாங்கள் ஒன்று தயார் செய்துவிட்டோமே.

அதை ஒரு யோசனையாக மட்டும் கொண்டுபோங்கள். முடிவு அங்கேதான். முதல் இரண்டு மாலையும் லயத்தில் உட்கார்ந்து கேட்பதற்காகவே ஒதுக்கியவை. மலையகத்துக்குக் கலையைக் கொண்டுபோவதாக நினைக்க வேண்டாம், காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அங்கே ஏற்கனவே இருக்கின்றன. தப்பு என்ற பறையை வாசிக்கிறவரிடம் பத்து நிமிடம் பேசினால் நீங்கள் கொண்டுவந்த படத்தைவிட நல்ல படம் கிடைக்கும். கூடை சுமந்து சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண் என்பது தேயிலைப் பெட்டி விளம்பரம். அதை அவர்கள் கேட்டால் வரையுங்கள், நீங்களாக வரையாதீர்கள்.

சேவல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் சின்னம், யானை ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம். பண்ணைக் காட்சியில் அப்பாவியாக ஒரு சேவல் வரைந்தால், தோட்டத்தில் பாதிப்பேர் அதைக் கட்சிச் சுவராகவே பார்ப்பார்கள். தொழிற்சங்கக் கொடி நிறங்களும் அப்படியே, வரவேற்கும் ஆலயத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தர் உருவம் எந்த வடிவிலும் வேண்டாம், சட்டையிலும் பச்சைக்குத்திலும்கூட.

அனுமதி வாய்மொழியாகப் போதாது. தோட்டத்துக் கட்டடம் என்றால் துரையிடம், அதாவது தோட்ட மேலாளரிடம் எழுத்தில். அரசுப் பள்ளி என்றால் அதிபரோடு, அதாவது தலைமையாசிரியரோடு, வலயக் கல்வி அலுவலகத்திடமும். குறைந்தது இரண்டு மாதம் முன்பே கேளுங்கள்.

ஆலயக் குழு என்கிறோம். ஜெபம், சாட்சி சொல்லலாமா?

உங்கள் குழு காலையில் ஜெபித்துப் புறப்படுவது உங்கள் விஷயம். வகுப்பில், சுவரில், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொருளில் அது கலக்கக்கூடாது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள், லயத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயிலும் மாடசாமியும் இருக்கும். கிரேயான் வாங்க வந்த பிள்ளையிடம் துண்டுப்பிரசுரம் கொடுத்தால், நீங்கள் திரும்பிய பிறகு சங்கடப்படுவது அங்கே வாழும் சிறிய சபைதான். அழைத்தால் ஞாயிறு ஆராதனைக்குப் போங்கள். கோயில் திருவிழாவுக்கு அழைத்தாலும் போங்கள். ஒருவர் கூலி வாங்காமல் நாள் கணக்கில் சுவர் சுரண்டுகிறார் என்பதை யாரும் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் அப்போது சொல்லுங்கள், சுருக்கமாக.

பிள்ளைகள் வகுப்பு எப்படி?

பள்ளி காலை ஏழரை முதல் ஒன்றரை. வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டு வர நேரம் விட்டு, மூன்று முதல் நாலரைவரை. இருபது பிள்ளைக்கு நான்கு பெரியவர்கள். எந்தப் பெரியவரும் தனியே ஒரு பிள்ளையோடு இருக்கக்கூடாது, இதில் விதிவிலக்கே கிடையாது. ஆளுக்கு இரண்டு கெட்டி வரைதாள், நான்கு பேருக்கு ஒரு கிரேயான் பெட்டி. கடைசி நாளில் எல்லா வகுப்புப் பொருளையும் பிள்ளைக் காம்பரா ஆயாவிடமோ ஆசிரியரிடமோ கொடுங்கள், பிள்ளைகளுக்குத் தனித்தனியே பரிசு கொடுத்தால் வராத பிள்ளைகள் ஏங்கும்.

நம் பையன்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பரவாயில்லையா?

பேச்சுக்குப் பரவாயில்லை, சுவருக்கு ஆகாது. கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளர்ந்த நம் பிள்ளைகள் ண, ந, ன மாற்றி எழுதுவார்கள். அது அங்கே பல வருடம் சுவரில் நிற்கும், பள்ளிச் சுவர் என்றால் பிள்ளைகள் அதைப் பார்த்தே எழுதவும் செய்வார்கள். சுவரில் எழுத்து வேண்டுமென்றால் அங்குள்ள தமிழாசிரியர் எழுதித் தர, அதைப் பெரிதாக்குங்கள். கூடவே சில சொற்கள் பழகிக்கொள்ளுங்கள்: காம்பரா என்றால் அறை, இஸ்டோர் என்றால் தேயிலை ஆலை, பிரட்டு என்றால் காலையில் பேர் கொடுக்கக் கூடுவது, தவறணை என்றால் நாற்றுப்பண்ணை, மதுக்கடையல்ல.

உடல்நலத்துக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

குளவி. தேயிலைத் தோட்டத்தில் குளவிக் கொட்டுக்கு உயிரே போனதுண்டு. ஏணி வைக்குமுன் இறவாரம், மரக்கிளை, கூரை முனை எல்லாவற்றையும் தோட்டத்தவர் ஒருவரோடு பாருங்கள். கூடு இருந்தால் அந்தச் சுவரில் வேலையில்லை, கல்லெறிந்து கலைக்கும் சாகசமும் வேண்டாம். செண்டு பூசாதீர்கள். ஒவ்வாமை உள்ளவர் மருத்துவரைப் பார்த்து மருந்தோடு வரட்டும், அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்பதை முதல் நாளே வண்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர நாளில் அட்டை கடிக்கும். இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிக் கழுவினால் போதும். நாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனை. இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி வரைய வேண்டியிருந்தால் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் தரையில்தான்.

படம் எடுத்துப் போடலாமா?

சுவரை எடுங்கள். முகங்கள் வேண்டுமென்றால் பெற்றோரிடம் முன்பே கேளுங்கள். பீலியில் குளிக்கிறவர்கள், காம்பராவின் உட்புறம், கிழிந்த உடுப்புப் பிள்ளை, இவை கேட்டாலும் வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு படம் உரிந்தால்?

உரியும், எந்த வெளிச்சுவரும் எப்போதாவது உரியும். அதற்காக ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டர் தனி டப்பாவில், மூடியில் நிறத்தின் பெயரும் கலந்த விகிதமும் எழுதி, மூன்று தூரிகையோடு தோட்டத்திலேயே விட்டு வாருங்கள். வேலையில் கூடவே நின்ற அங்குள்ள இளைஞர் இருவருக்குச் சுரண்டுவது முதல் பிரைமர்வரை கையால் செய்ய வைத்துக் காட்டியிருக்க வேண்டும். டப்பாவை வெயிலும் உறைபனியும் படாத இடத்தில், இஸ்டோர் பக்கத்து அறை மாதிரி, வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அவர்கள் படத்தை அழித்து வேறு வரைந்திருந்தால் வருத்தப்பட வேண்டாம். அது அவர்கள் சுவர்.